சாவியை வாங்குமுன் ஒரு வரி

சாமான் ஏற்றிய லாரி புதிய வாடகை வீட்டின் வாசலில் நின்றுகொண்டிருந்தது. நான் உள்ளே போய்ச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். கட்டைவிரல் பட்ட இடத்தில் பட்டி அமுங்கி, ரேகை அப்படியே பதிந்தது. கூடத்தின் நடுவில் கழிப்பறைப் பீங்கான் அட்டைப்பெட்டி பிரிக்காமல் கிடந்தது. குளியலறைத் தரையைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். சமையலறைக் குழாயைத் திருகினால் காற்று இரண்டு முறை கரகரத்துவிட்டு நின்றது. சுவிட்ச் போர்டு இருக்க வேண்டிய குழிகளிலெல்லாம் சிவப்பும் கறுப்புமாக ஒயர்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

ஒப்பந்தத்தில் குடிபுகும் தேதி என்று எழுதியிருந்தது அன்றைய தேதிதான். பழைய வீட்டை முந்தின நாள் மாலையே காலி செய்து ஒப்படைத்தாயிற்று. அங்கே வேறொரு குடும்பம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. முழங்கால் வலியோடு அம்மா லாரியின் முன் இருக்கையில் உட்கார்ந்தபடி, "இறங்கலாமா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

வீட்டுக்காரர் வேகமாக வந்தார். "நாலே நாள்தான் அம்மா. பிளம்பர் வந்துவிட்டால் முடிந்துவிடும். சாமானை முன்னறையில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் படாமல் தார்ப்பாய் போட்டு மூடித் தருகிறேன்" என்று சொல்லிச் சாவியை நீட்டினார். லாரிக்காரர் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி சார்" என்று சாவியை வாங்கிக்கொண்டேன்.

நாலு நாள் 17 நாளாயிற்று. முதல் ஒரு வாரம் உறவினர் வீட்டில் கூடத்தில் படுத்துக்கொண்டோம். அதற்கு மேல் அங்கே இருக்க மனம் ஒப்பவில்லை. லாட்ஜில் அறை எடுத்தோம். அம்மாவின் மருந்துப்பை தார்ப்பாய்க்கு அடியில் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேட ஒரு நாள் முழுக்கச் செலவாயிற்று. மாத முடிவில் வீட்டுக்காரர் முழு மாத வாடகை கேட்டார். 17 நாள் வீடு இல்லையே சார் என்றேன். அவர் கோபப்படவில்லை. "சாவி 1ஆம் தேதியிலிருந்து உங்களிடம்தானே அம்மா இருந்தது? சாமானும் என் வீட்டில்தானே இருந்தது?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வாடகையையும் கொடுத்தேன், லாட்ஜ் செலவையும் நானே ஏற்றுக்கொண்டேன்.

அவரை ஏமாற்றுக்காரர் என்று நான் இன்றுவரை நினைக்கவில்லை. நாலு நாளில் முடியும் என்று அவரும் உண்மையாகவே நம்பினார். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சாவியை வாங்கியதால் நான் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தேன் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. சட்ட நூல்களைப் புரட்டினேன், தெரிந்த வழக்கறிஞர்களிடம் கேட்டேன். கிடைத்ததை இங்கே எழுதுகிறேன். இன்றைக்கு இதே நிலையில் வாசலில் நிற்கிற யாராவது ஒருவர் படித்தால் போதும்.

வீடு தயாராக இல்லை என்று பொதுவாகச் சொல்கிறோம். அதற்குள் மூன்று வெவ்வேறு நிலைமைகள் இருக்கின்றன. பழைய குடித்தனக்காரர் இன்னும் காலி செய்யாமல் உள்ளே இருப்பது ஒன்று. வீடு காலியாக இருந்தும் வாழ முடியாதபடி வேலை பாக்கி இருப்பது இன்னொன்று. வாழலாம், ஆனால் சொன்னபடி முடிக்கவில்லை என்பது மூன்றாவது. ஒரு அறைக்கு இரண்டாம் கோட்டு அடிக்கவில்லை, அலமாரிக் கதவு மாட்டவில்லை என்பதெல்லாம் இதில் சேரும். மூன்றாவதற்காக ஒப்பந்தத்தையே முறிக்கிறேன் என்று நின்றால் எங்கேயும் எடுபடாது. பாக்கி வேலைகளைத் தேதியோடு எழுதி வாங்கிக்கொண்டு குடிபோவதுதான் சரி. முதல் இரண்டும் அப்படியல்ல. இரண்டாவதை அடையாளம் காண நான் நான்கு விஷயங்களைப் பார்க்கிறேன்: கதவு பூட்டுகிறதா, தண்ணீர் வருகிறதா, கழிப்பறை இருக்கிறதா, மின்சாரம் ஆபத்தில்லாமல் இருக்கிறதா. இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அங்கே ஒரு இரவைக்கூடக் கழிக்க முடியாது. எனக்கு அன்று இருந்தது பூட்டு மட்டும்.

பழைய குடித்தனக்காரர் காலி செய்யாத நிலைமையைப் பற்றி நீதிமன்றங்களே இரண்டு விதமாகச் சொல்லியிருக்கின்றன. இங்கிலாந்தில் 1829ஆம் ஆண்டு கோ – கிளே வழக்கில், வாடகைக்கு விடுகிறவர் வீட்டைக் கையில் ஒப்படைக்கக் கடமைப்பட்டவர் என்று தீர்ப்பாயிற்று. வாடகைக்கு வந்தவருக்கு வழக்குப் போடும் வாய்ப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள முடியாது என்பது அதன் சாரம். நூறு வருடம் கழித்து, 1930இல், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஹானன் – டஷ் வழக்கு இதற்கு நேர்மாறாக முடிந்தது. குடியிருக்கும் உரிமையைக் கொடுத்ததோடு வீட்டுக்காரரின் கடமை தீர்ந்தது, வெளியேற மறுக்கிறவரைப் புதிதாக வந்தவரே வழக்குப் போட்டு வெளியேற்றிக்கொள்ளட்டும் என்றார்கள். முன்பின் தெரியாத ஒருவர்மேல், இன்னும் கால் வைக்காத வீட்டுக்காக, பெட்டி படுக்கையோடு தெருவில் நிற்கிறவர் வழக்குப் போட வேண்டும்! எனக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. அமெரிக்காவிலேயே பிறகு மனம் மாறியது. மாநிலங்கள் பின்பற்றுவதற்கென்று 1972இல் அங்கே வகுத்த ஒரு மாதிரி வாடகைச் சட்டம், வீட்டை ஒப்படைக்கும் கடமையை வீட்டுக்காரர் மேலேயே வைத்தது. பல மாநிலங்கள் அதைச் சிற்சில மாற்றங்களோடு ஏற்றுக்கொண்டன.

அந்த மாதிரிச் சட்டம் சொல்லும் வழிகள் தெளிவானவை. வீட்டை ஒப்படைக்காதவரை வாடகை ஓடாது. குடிவர வேண்டியவர் குறைந்தது 5 நாள் முன்னறிவிப்பை எழுத்தில் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். முன்கூட்டிக் கொடுத்த வாடகையும் அட்வான்ஸும் திரும்ப வர வேண்டும். இல்லை, எனக்கு இந்த வீடுதான் வேண்டும் என்றால் ஒப்பந்தப்படி கொடு என்று கேட்டு வழக்குப் போட்டு, நஷ்டத்தையும் கேட்கலாம். வேண்டுமென்றே, நல்லெண்ணம் இல்லாமல் இழுத்தடித்தது நிரூபணமானால் மூன்று மாத வாடகை வரை, அல்லது உண்மையான நஷ்டத்தைப்போல் மூன்று மடங்கு வரை, இவற்றில் எது அதிகமோ அதுவரை கேட்க இடமிருக்கிறது. ஒப்படைப்பது என்றால் சாவியைக் கொடுப்பது மட்டும் போதாது, வீடு குடியிருக்கத் தகுந்ததாகவும் இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஜெர்மானியக் குடிமைச் சட்டத்தின் 543ஆம் பிரிவும், வீட்டை உரிய நேரத்தில் முழுமையாகவோ ஒரு பகுதியாகவோ தராமல் போனால் அதை உடனடியாக ஒப்பந்தத்தை முடிக்கத் தகுந்த காரணமாகக் கொள்கிறது. 536ஆம் பிரிவின்படி, பயன்படுத்த முடியாத காலத்துக்கு வாடகை இல்லை. குறையாகப் பயன்படுத்தினால் வாடகையும் அதற்கேற்பக் குறையும்.

இந்தியாவில் இதற்கு அடிப்படை 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிராவிட்டால், வாடகைக்கு வருகிறவர் கேட்டுக்கொண்டதும் சொத்தை அவர் கையில் ஒப்படைக்க உரிமையாளர் கடமைப்பட்டவர் என்கிறது 108ஆம் பிரிவு. கேட்டுக்கொண்டதும் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நான் கேட்கவே இல்லை. "எப்போது முடியும் சார்?" என்று மட்டும்தான் 17 நாளும் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்ன தேதியில் வீட்டை ஒப்படையுங்கள் என்று ஒரு வரி எழுதியனுப்பத் தோன்றவில்லை.

என்னை அதைவிட உலுக்கியது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 55ஆம் பிரிவு. குறித்த நேரத்தில் நடந்தே தீர வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் ஒருவர் தவறினால், மற்றவர் அதை ரத்து செய்யலாம் என்கிறது அது. ஆனால் தாமதமாகக் கொடுத்ததை அவர் ஏற்றுக்கொண்டுவிட்டால், தாமதத்தால் வந்த நஷ்டத்தைப் பிறகு கேட்க முடியாது. ஏற்றுக்கொள்ளும் அந்த நேரத்திலேயே, நஷ்டத்தைக் கேட்கப்போகிறேன் என்று அறிவித்திருந்தால் மட்டும் கேட்கலாம். ஜெர்மானியச் சட்டத்தின் 536பி பிரிவிலும் இதே கருத்து இருக்கிறது: குறை தெரிந்தே வீட்டை ஏற்றுக்கொள்கிறவர், ஏற்கும்போதே தன் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று சொல்லி வைத்தால்தான் பிறகு வாடகைக் குறைப்போ நஷ்ட ஈடோ கேட்கலாம்.

வெவ்வேறு தேசத்துச் சட்டங்கள் இரண்டும் அந்த ஒரே நிமிடத்தின் மேல் விரலை வைக்கின்றன. ஏற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் "சரி சார்" என்று சொன்ன நிமிடம் அது. வாங்கும்போது, "வீடு இன்னும் குடியிருக்கும் நிலையில் இல்லை, சாமான் வைக்க மட்டுமே சாவி பெற்றுக்கொள்கிறேன், வேலை முடியும் நாளிலிருந்தே வாடகை, தாமதத்தால் ஆகும் செலவைக் கேட்கும் உரிமை எனக்கு உண்டு" என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால், மாத முடிவில் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் என் கையில் இருந்திருக்கும். வீட்டுக்காரரும் அன்று கையெழுத்துப் போட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். நாலு நாள்தான் என்று நம்பியவர் அவர்.

ஆகவே யாராவது என்னிடம் கேட்டால் முதலில் சொல்வது: வண்டியிலிருந்து ஒரு பெட்டியைக்கூட இறக்காதீர்கள். சாமானை இறக்கிவிட்டால் வேறு எந்த வழியும் நமக்கு மனத்தளவில் அடைபட்டுவிடுகிறது. ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு வேறு வீடு பார்க்கலாம் என்ற எண்ணமே வராது, மறுபடி ஏற்ற வேண்டுமே என்ற மலைப்புதான் வரும். தெரிந்தவர் வீட்டிலோ கிடங்கிலோ சாமானைச் சில நாள் போட்டு வைப்பது செலவுதான், அலைச்சல்தான். ஆனாலும் அந்தச் செலவுக்கு ரசீது இருக்கும். சாமானை அரைகுறை வீட்டுக்குள் வைத்தால் நமக்கு மிஞ்சுவது தார்ப்பாய் மட்டும்.

இறக்காமல் நிற்கிற அந்த அரைமணி நேரத்தில் செய்ய வேண்டியது படம் எடுப்பது. ஒவ்வொரு அறையாக, தேதி தெரியும்படி. நிறையப் பேர் சுவரைத்தான் எடுக்கிறார்கள். குழாயைத் திறந்து தண்ணீர் வராததை வீடியோவாக எடுங்கள். சுவிட்ச் இல்லாத குழியை எடுங்கள். மின் மீட்டரின் எண்ணைக் கட்டாயம் எடுங்கள். வேலை நடந்த நாட்களில் ஓடிய மின்சாரம் யாருடையது என்ற பேச்சு பிறகு நிச்சயம் வரும்.

அதன் பிறகு எந்த வழி என்பது, காத்திருக்க முடியுமா என்பதைப் பொறுத்தது. காத்திருப்பதானால் புதிய தேதி ஒன்றை எழுத்தில் வாங்க வேண்டும், அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். கடைசித் தேதி இல்லாத பொறுமைக்கு மரியாதை கிடைப்பதில்லை. வேலையாட்களை வேறு வீட்டு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். காத்திருக்க முடியாதென்றால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக எழுதிக்கொடுத்து, அட்வான்ஸைத் திருப்பித் தர ஒரு தேதி கேட்க வேண்டும். வீட்டின் ஒரு பகுதி மட்டும் தயார், அதில் இருந்துகொள்கிறேன் என்பதும் ஒரு வழிதான். அப்போது அந்தப் பகுதிக்கு என்ன வாடகை என்று முதல் நாளே பேசிக்கொள்ள வேண்டும். குடியேறிய பிறகு, வேலை முடியவில்லை என்று நாமாகவே வாடகையை நிறுத்துவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். நியாயம் நம் பக்கம் இருந்தாலும், வாடகை பாக்கி வைத்தவர் என்ற பெயரோடு வழக்கில் நிற்க நேரும். வீட்டுக்காரர் செய்யக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பைச் செய்யாவிட்டால், அறிவிப்புக் கொடுத்து, நியாயமான அவகாசம் கொடுத்து, நாமே செய்து வாடகையில் கழித்துக்கொள்ள, சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவிலேயே இடம் இருக்கிறது. அறிவிப்பு என்ற படியைத் தாண்டிக் குதித்துவிட்டால் அந்த வழியும் போய்விடும்.

லாட்ஜ் செலவு, இரட்டை லாரிக் கூலி, கிடங்கு வாடகை இதெல்லாம் கிடைக்குமா? இங்கிலாந்தில் 1854ஆம் ஆண்டின் ஹாட்லி – பாக்ஸென்டேல் வழக்கு இதற்கு வழிகாட்டி. ஓர் ஆலையின் உடைந்த அச்சுத்தண்டைக் கொண்டுபோனவர்கள் தாமதம் செய்தார்கள், ஆலை ஓடாமல் கிடந்தது. இலாபம் போனதற்கு ஈடு கிடைக்கவில்லை. தாமதமானால் ஆலையே நின்றுபோகும் என்பது கொண்டுபோனவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை என்று ஆகிவிட்டது. இழப்பு வரும் என்று முன்பே தெரிவித்திருப்பது எவ்வளவு முக்கியம் என்பது இதில் தெரிகிறது. "பழைய வீட்டை 30ஆம் தேதி மாலை ஒப்படைக்கிறேன், அதன் பிறகு எனக்குத் தங்க இடமில்லை, 1ஆம் தேதி காலை லாரி வருகிறது" என்று ஒரு வாரம் முன்பே வீட்டுக்காரருக்கு எழுதி அனுப்புங்கள். சாதாரணச் செய்திதான். பிறகு அதுவே சாட்சி. செலவும் நியாயமாக இருக்க வேண்டும். குறைந்த செலவில் தங்க இடமிருக்கும்போது ஆடம்பர விடுதியில் தங்கிவிட்டு ரசீதை நீட்ட முடியாது.

இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவுக்குக் கொடுத்திருக்கும் உதாரணங்களைப் படித்துக்கொண்டே வந்தபோது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். ஒருவர் ஜனவரி 1ஆம் தேதிக்குள் வீடு கட்டித் தருவதாக ஒப்புக்கொள்கிறார். அந்த வீட்டை மூன்றாமவர் ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருப்பது கட்டுகிறவருக்குத் தெரியும். அவர் மோசமாகக் கட்டியதால் வீடு அந்தத் தேதிக்கு முன்பே இடிந்துவிடுகிறது. திரும்பக் கட்டும் செலவு, போன வாடகை, குடிவர முடியாமல் போனவருக்கு உரிமையாளர் கொடுக்க நேர்ந்த நஷ்ட ஈடு ஆகிய மூன்றையும் கட்டியவர் கொடுக்க வேண்டும் என்கிறது அந்த உதாரணம். 1872லேயே குடிவர முடியாமல் போன அந்த மூன்றாமவரை ஒருவர் நினைத்துப் பார்த்து எழுதியிருக்கிறார். "பிளம்பர் வரவில்லை, நான் என்ன செய்வது?" என்று சொல்லும் வீட்டுக்காரருக்கும் இதில் பதில் இருக்கிறது. பிளம்பர்மேல் உள்ள கோபத்தை அவர் பிளம்பரிடம் தீர்த்துக்கொள்ளலாம். நம்மிடம் ஒப்புக்கொண்டவர் அவர்தான்.

ஒப்பந்தம் எழுதும்போதே இரண்டு வரி சேர்த்துவிட்டால் இந்தப் பாடெல்லாம் பாதியாகக் குறையும். குடிபுகும் தேதி இந்த ஒப்பந்தத்தின் இன்றியமையாத நிபந்தனை என்பது ஒரு வரி. வாடகை, வீடு முழுமையாக ஒப்படைக்கப்படும் நாளிலிருந்தே தொடங்கும் என்பது மற்றொரு வரி. புதிதாகக் கட்டிய வீடென்றால் கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழ் வந்துவிட்டதா என்றும் கேளுங்கள்.

சென்ற வருடம் என்னோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டாள். "அக்கா, பழைய குடித்தனக்காரர்கள் இன்னும் உள்ளேயே இருக்கிறார்கள். பையனுக்குப் பரீட்சை, அடுத்த வாரம்தான் போவோம் என்கிறார்கள். வீட்டுக்காரர் மாடியறைச் சாவியைத் தருகிறேன், அதுவரை அங்கே இருந்துகொள் என்கிறார்." குரல் நடுங்கியது. நான் கேட்டது, "வண்டியிலிருந்து ஏதாவது இறக்கிவிட்டாயா?" என்பதைத்தான். இல்லை என்றாள்.

வீட்டுக்காரர் முன்னிலையிலேயே, ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் எழுதச் சொன்னேன். அவள் படித்துக்காட்டியது இன்னும் நினைவிருக்கிறது: "ஒப்பந்தப்படி இன்று ஒப்படைக்க வேண்டிய வீடு இன்று ஒப்படைக்கப்படவில்லை. வாடகை, வீட்டின் சாவி ஒப்படைக்கப்படும் நாளிலிருந்து கணக்கிடப்படும். 10ஆம் தேதிக்குள் ஒப்படைக்காவிட்டால் முழு அட்வான்ஸும் அன்றே திருப்பித் தரப்படும். அதுவரை மாடியறையில் தங்குவதற்கு வாடகை இல்லை. அது வீட்டை ஏற்றுக்கொண்டதாக ஆகாது." வீட்டுக்காரர் இரண்டு முறை படித்தாராம். கடைசி வாக்கியத்தில் விரலை வைத்து, "இது எதற்கு அம்மா?" என்று கேட்டாராம். "பிறகு உங்களுக்கும் எனக்கும் மனத்தாங்கல் வரக்கூடாது சார்" என்று இவள் சொல்ல, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார்.

9ஆம் தேதி மாலை சாவி கிடைத்தது. வீட்டுக்காரர் கூடவே நடந்து வர, ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்த்திருக்கிறாள். குளியலறையில் ஒரு குழாய் ஒழுகியது. அதையும் அதே தாளில், கையெழுத்துகளுக்குக் கீழே, சரிசெய்ய வேண்டிய தேதியோடு எழுதினாள். அதற்குப் பிறகுதான் கீழே போய், சாமானோடு மறுபடி வந்து நின்ற வண்டிக்காரரிடம், "அண்ணா, இறக்கலாம்" என்றாளாம்.